ஊருக்குப் போக மடக்குத் தொட்டில்: விலையைப் பார்க்கும் முன் ராத்திரிகளை எண்ணுங்க

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, சொந்த ஊர் திருவாரூர் பக்கம், வீட்டில் கைக்குழந்தை. இந்த மூணும் உங்களுக்குப் பொருந்தினால், 'பிளேயார்ட்', 'டிராவல் காட்' என்று விற்கிற மடக்குத் தொட்டில் விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கும். வாங்கலாமா வேண்டாமா? என் கருத்து இதுதான்: அதில் குழந்தை எத்தனை ராத்திரி தூங்கும் என்பதை வெச்சு முடிவு பண்ணுங்க.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

தீபாவளி, பொங்கல், பங்குனித் தேரோட்டம், நடுவில் ஒரு கல்யாணம். வருஷத்துக்கு நாலு பயணம், தலா மூணு ராத்திரி, ஆக மொத்தம் 12. குழந்தை விளிம்பைப் பிடிச்சு ஏற ஆரம்பிச்சாலோ, உயரம் சுமார் 89 செ.மீ. ஆனாலோ பெரும்பாலான மாடல்களை நிறுத்திடணும். கிட்டத்தட்ட ரெண்டு வயசு. ஆறாவது மாசத்தில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 18 ராத்திரி. விலை 9,000 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, ராத்திரிக்கு 500 ரூபாய்.

அதையே பிரசவத்துக்கு முன்னாடி வாங்கி, மனைவி தாய்வீட்டில் இருக்கும் மூணு மாசமும் பயன்படுத்தினா? அப்புறம் வரும் பயணங்களையும் சேர்த்து சுமார் 110 ராத்திரி. ராத்திரிக்கு 82 ரூபாய்தான். பொருளும் விலையும் ஒண்ணு, வாங்கும் நேரம் மட்டும்தான் வேற.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் கவனம். கிரெடிட் கார்டில் வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கொடுத்துடுவார். ஆனா அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டியும், வங்கி போட்டால் பிராசசிங் கட்டணமும் உங்க தலையில்தான்.

தூளி இருக்கே?

பாட்டி கேட்பாங்க. நியாயமான கேள்வி. விட்டத்தில் பழைய புடவை, செலவு பூஜ்யம். பகலில் பெரியவங்க கண் முன்னாடி சின்னத் தூக்கத்துக்கு நான் வாதம் பண்ண மாட்டேன். ராத்திரி வேற கதை, எல்லாரும் தூங்கிடுவோம். குழந்தை மருத்துவர்கள் சொல்வது சமமான, கெட்டியான படுக்கை, மல்லாந்த நிலை. புடவைக்குள் முதுகும் கழுத்தும் வளையும். தூளித்துணி கழுத்தில் இறுகி குழந்தைகள் இறந்த செய்திகளை நம்ம நாளிதழ்களிலேயே படிச்சிருப்பீங்க.

அதுக்காக 9,000 ரூபாய் ஒண்ணுதான் வழின்னு இல்லை. பெரிய கொசுவலைக்குள், உங்க படுக்கைக்குப் பக்கத்தில், தரையில் குழந்தைக்குத் தனியா ஒரு மெல்லிய கெட்டி மெத்தை. 18 ராத்திரிக்கு இது போதும். ஐப்பசி மழையில் தரை ஓதம் ஏறுகிற, பூச்சி பூரான் வருகிற பழைய ஓட்டு வீடுன்னா மட்டும் கணக்கு மாறும்.

காசு எதுக்குக் கொடுக்கணும்?

பொம்மைத் தோரணம், பாட்டுப் பெட்டி, டயப்பர் பை எதுக்கும் வேண்டாம். எடைக்குக் கொடுங்க. ஸ்லீப்பரிலும் மூணாம் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ சாமான் இலவசம், ரயில்வேக்குப் பிரச்சினை இல்லை. அதிகாலை திருவாரூர் ஜங்ஷனில் ஒரு தோளில் குழந்தை, மறுகையில் 12 கிலோ பெட்டியோடு இறங்கப் போவது நீங்கதான். தொட்டிலை ஊர் வீட்டிலேயே வெச்சிடப் போறீங்களா? அப்போ கனமான, விலை குறைஞ்ச மாடலே போதும்.

அடுத்து, பூட்டு. மேல் கம்பிகள் நாலும் 'கிளிக்'னு பூட்டிக்கணும், அழுத்தினா மடங்கக் கூடாது. ஐரோப்பாவின் இஎன் 716 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்406 தரம் குறிப்பிட்டிருக்கான்னு பாருங்க. கூட வரும் மெத்தை மெல்லிசா இருக்கேன்னு அத்தை இன்னொரு மெத்தையும் தலையணையும் வைக்க வருவாங்க. அன்பா மறுத்துடுங்க. ஓரத்து இடைவெளியில் குழந்தையின் முகம் சிக்கிக்கலாம். மேல்தட்டு இருக்கும் மாடல்களில், பலதுக்கு எடை வரம்பு சுமார் 7 கிலோதான். குழந்தை கை ஊன்றி எழும்ப ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடியே எடுத்துடணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பொதுவா செகண்ட் ஹேண்டுக்கு நான் ஆதரவு. இதில் மட்டும் ஒரு நிபந்தனை. 1998ல் சிகாகோவில் 17 மாதக் குழந்தை டேனி கீசர், குழந்தைகள் காப்பகத்தில் இருந்த மடக்குத் தொட்டிலின் மேல் கம்பி 'வி' மாதிரி மடங்கி, கழுத்து சிக்கி இறந்தான். அந்த மாடலை 1993லேயே திரும்பப் பெறச் சொல்லியிருந்தாங்க. தகவல்தான் காப்பகத்துக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேரலை. 2008ல் வந்த அமெரிக்கச் சட்டத்தில் அவன் பெயரிலேயே ஒரு பிரிவு இருக்கு. தொட்டில் மாதிரி பொருட்களோடு வாங்கியவர் பதிவு அட்டை தரணும்னு சொல்வது அதுதான். ஆகவே மாடல் எண் தெரியாத, பூட்டு தளர்ந்த பழைய தொட்டில் சும்மா கிடைச்சாலும் வேண்டாம். எண் தெரிஞ்சா 'ரீகால்' என்று சேர்த்து இணையத்தில் தேடிப் பாருங்க.

என் முடிவு: 30 ராத்திரிக்குக் கீழே வாங்காதீங்க, 60க்கு மேலே தயங்காதீங்க. நடுவில் இருந்தா, அண்ணன், தங்கச்சி வீட்டிலும் குழந்தை இருக்கான்னு பாருங்க. பங்கு போட்டு ஒண்ணு வாங்கி ஊரில் வெச்சிடலாம். மிச்சமாகும் பணத்தைக் குழந்தை பேரில் ஒரு ஆர்டியில் போட்டா, அதுக்குக் காலாவதி உயரம் கிடையாது.