கட்டுக்கம்பி நாகரிகம்

நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய லாரிகளின் மூக்கைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் பானெட்டின் நுனியில் ஒரு முழம் கட்டுக்கம்பி முறுக்கியிருக்கும். கம்பி அகப்படாத இடத்தில் கயிறு. கயிறும் அகப்படாவிட்டால் கிழித்த டியூப். பானெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கொண்டி தேய்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். சின்ன விஷயம்தான். பெரிய விஷயங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதனால் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொண்டியின் தொழில் என்ன என்று முதலில் பார்ப்போம். 1954-ல் டாடா கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து மூக்கு நீண்ட லாரிகள் நமக்குப் பழக்கம். முன்பக்கமிருந்து திறக்கிற பானெட்டானால், கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கும்; தாழ் மூக்குப் பக்கம் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கப் பார்க்கும். தாழ் விட்டுக்கொடுத்தால் பானெட் எழுந்து கண்ணாடியில் அறையும். பின்னால் பல டன் பாரம் தள்ளிக்கொண்டு வர, ஒரு மனிதன் கண் கட்டப்பட்டவனாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். எதிரே சைக்கிளில் வருகிறவனின் கதி என்ன? இதை யோசித்துத்தான், ஓட்டுகிறவனின் பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அமெரிக்காவில் விதி செய்தார்கள். 1969 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது.

'கம்பியும் பிடித்துக்கொள்ளத்தானே செய்கிறது?' என்பார்கள். செய்கிறது. ஆனால் கொண்டிக்கு வேலை ஒன்றல்ல, இரண்டு. ஓடும்போது திறக்கவே கூடாது. நிற்கும்போது ஒரே இழுப்பில் திறந்தாக வேண்டும். கம்பி முதல் வேலையை அரைகுறையாகச் செய்து, இரண்டாவதை அடியோடு கெடுத்துவிடுகிறது. காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்க்க வேண்டிய டிரைவர், குறடு தேடிக் கம்பியை அவிழ்க்க வேண்டுமே என்று சலித்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறான். ரேடியேட்டர் வற்றி என்ஜின் சிக்கிக்கொள்வது அப்படித்தான். வயர் உரசிப் புகை கிளம்பினாலோ, முறுக்கின கம்பியை வெறுங்கையால் பிரிப்பதற்குள் நெருப்பு காத்துக்கொண்டிருக்குமா?

சரி, ஒழுங்காகப் பழுது பார்ப்பது அப்படியொன்றும் பிரம்ம வித்தையா? கொண்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய கிரீஸும் தூசியும் இறுகிக் கிடப்பதைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தால்தான் நோய் எதுவென்று தெரியும். சில சமயம் தேய்மானமே இராது. நாக்கு அழுக்கில் சிக்கிப் பாதியில் நின்றிருக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் வெல்டிங் வைத்து மேடு கட்டி, அரத்தால் பழைய அளவுக்கு ராவ வேண்டும். விரிசல் கண்டிருந்தால் ஒட்டுப்போடாமல் வேறு வாங்கவேண்டும். ரிவெட்டு ஆடினால் துளையைச் சீராக்கிப் புதிது அடிக்க வேண்டும். சோர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். அதையே இழுத்து நீட்டிப் போடுவது பித்தலாட்டம். கொண்டிக்குள் இறங்குகிற முளையின் உயரத்தை நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். பானெட் உட்காருகிற ரப்பர்க் கட்டைகள் தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பானெட் ஓயாமல் அதிர்ந்து சரிசெய்த கொண்டியையும் தின்றுவிடும். கடைசியில், முதல் பூட்டைத் திறந்துவிட்டு, இரண்டாவது கொக்கி மட்டும் பிடிக்கிறதா என்று கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். நல்ல பட்டறைக்காரனுக்கு இது அரைநாள் வேலை.

அந்த அரைநாளைத்தான் ஒருவரும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். "அதுக்கென்னப்பா, கம்பியப் போட்டு முறுக்கிட்டு நடைக்குக் கிளம்பு" என்கிறார் சொந்தக்காரர். "செரிங்க மொதலாளி" என்பதைத் தவிர டிரைவர் என்ன சொல்ல முடியும்? விபத்து நேர்ந்தால் வழக்கு முதலில் அவன் மேல்தானே?

இந்த அலட்சியத்துக்கு இப்போது கௌரவமான பெயர் ஒன்றும் கிடைத்திருக்கிறது. இந்தியில் 'ஜுகாட்' என்கிறார்கள். 2012-ல் 'ஜுகாட் இன்னொவேஷன்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வந்துவிட்டது. இல்லாமையிலிருந்து உபாயம் பிறக்கிறதாம்; கம்பெனிகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். உபாயத்தை நான் பழிக்கவில்லை. நடுக்காட்டில் கொண்டி போய்விட்டால், அடுத்த பட்டறை வரையில் போய்ச்சேரக் கம்பி கட்டுகிறவன் புத்திசாலி. அந்தக் கம்பி ஒரு வருஷம் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தால் அது புத்திசாலித்தனமா? அதைப் புகழ்கிற கனவான்கள் தங்கள் காரில் கம்பி கட்டிக்கொண்டு போவார்களா? ஏழையின் ஆபத்தை அவனுடைய திறமை என்று மெச்சுவதைவிடக் கேவலமான பரிகாசம் இருக்க முடியாது.

ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவன் அரைநாளுக்கு எங்கே போவான் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவனை அவசரப்படுத்துவது யார்? சரக்கு ஒரு மணி நேரம் தாமதித்தால் வாடகையில் பிடித்தம் செய்கிறவரிடம் அல்லவா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்!

சர்க்கார் என்ன செய்கிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், தகுதிச் சான்று இல்லாத லாரி ஓடக் கூடாது என்கிறது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட லாரி வருஷந்தோறும் எப்.சி. வாங்க வேண்டும். வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பூப்போட்டு, மாலையும் போட்டு அழைத்துப் போகிறார்கள். கொண்டியை இழுத்துப் பார்க்கிற கை அங்கே இருந்தால், இத்தனை கம்பி சாலையில் எப்படி ஓடுகிறது? 2021-ல் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டக் கொள்கை வேறு அறிவித்தாயிற்று. தேறாத வண்டி போகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கம்பி கட்டுகிற கைக்குப் புது லாரியைக் கொடுத்தாலும் அதன் கொண்டியும் ஒருநாள் தேயாதா?

எனவே, லாரிச் சொந்தக்காரர்களே, அந்தக் கம்பியை அவிழ்த்து எறியுங்கள். வண்டியை அரைநாள் பட்டறையில் விடுங்கள். அரமும் கையுமாக உட்கார்ந்து ராவுகிறவன் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எதிரே சைக்கிளில் வருகிறவனுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. உங்களை நம்பித்தான் அவன் வருகிறான்.