பூச்சுக்கு அடியில்

நம் நண்பர் ஒருவர் கோடையில் வீடொன்று கிரயத்துக்கு வாங்கினார். ஐப்பசி மழையில் கூடமெங்கும் ஒழுகிற்று. புதுப் பூச்சுக்கு அடியில் பழைய விரிசல்! “பார்த்துத்தானே வாங்கினீர்?” என்கிறார் விற்ற கனவான்.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவோ வேறு விதமாய்ப் பேசுகிறது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையைச் சொல்லாது விடுவதே மோசடியாம். ஆனால், ‘அவர் அறிந்திருந்தார்’ என்று ருசுப்படுத்தும் பாரம் நண்பர் தலையில்!

கட்டடக் கம்பெனியாரிடம் புதிதாய் வாங்கியோர் பாக்கியசாலிகள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டடக் குறையைத் தெரிவித்தால், கம்பெனியார் 30 நாளில் தம் செலவிலேயே செப்பனிட வேண்டும். தவறினால் நஷ்ட ஈடு.

நண்பர் வீடு பழையது. பூசிய கொத்தனாரைத் தேடச் சொன்னோம். அகப்பட்டார், கூலிக் கணக்கும் வைத்திருக்கிறார்.