கனவான் திருடனும் கடலில் விழுந்த கெமராவும்



திருடனைச் சபிக்காத வீடு உண்டா? ஆனால் கதைப் புத்தகத்திலே அவன் கண்ணியமாக உடுத்து, இனிக்க இனிக்கப் பேசி, செல்வந்தர் வீட்டு நகைப்பெட்டியைத் திறக்கும்போது, 'ஐயோ, பிடிபட்டுவிடப் போகிறானே!' என்று நம் மனமும் பதைக்கிறது. ஏன் இப்படி? இம்மாதம் அதைச் சற்றுச் சிந்திப்போம்.

1899இல் இங்கிலாந்தில் ஹொர்னங் என்பவர் எழுதிய ரஃபிள்ஸ் கதைகள் நூலாக வெளிவந்தன. ரஃபிள்ஸ் பகலில் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரன். இரவில் நகைத் திருடன். ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலின் தங்கையைத்தான் ஹொர்னங் மணந்திருந்தார். நூலையும் மைத்துனருக்கே சமர்ப்பணம் செய்தார். டொயிலோ எழுத்தின் அழகை மெச்சினாலும், குற்றவாளியைக் கதாநாயகனாக்குவது ஆபத்து என்றே கருதினார். அந்நூலின் முடிவைப் பாருங்கள்: அகப்படும் வேளையில் ரஃபிள்ஸ் கப்பலிலிருந்து கடலில் குதித்துவிடுகிறான். அவனை நம்பிப் பின்னால் போன தோழன் பன்னிதான் சிறை செல்கிறான்.

அடுத்து பிரான்ஸுக்கு வருவோம். 1905இல் மொரிஸ் லெப்லாங் எழுதிய முதலாவது ஆர்சேன் லூபின் கதை, அமெரிக்கா செல்லும் கப்பலொன்றில் நடக்கிறது. லூபின் வேறு பெயரில் கப்பலில் இருப்பதாகத் தந்தி வருகிறது. பெயரின் முதலெழுத்தும் வேறு சில அடையாளங்களும் ஒத்திருப்பதால் ரொஸேன் என்ற பயணிமீது எல்லோரும் சந்தேகம் கொள்கின்றனர். ஒரு சீமாட்டியின் நகைக்கற்கள் களவு போகின்றன. ரொஸேனும் கட்டிப் போடப்பட்டுப் பணத்தைப் பறிகொடுக்கிறார். உண்மையான லூபினோ, நெல்லி என்ற இளம்பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்! கரை சேர்ந்ததும் துப்பறிவாளர் அவனைப் பிடிக்கிறார். களவுப் பொருட்கள் ஒளிந்திருந்த கெமரா நெல்லியின் கையில். அவளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. இறங்கிச் செல்கையில், கைதவறியது போல் அதைக் கடலில் போட்டுவிடுகிறாள்.

வாசிக்கையில் நெல்லியின் இரக்கம் நம்மை உருக்குகிறது. ஆனால் சகோதரியே, அந்தச் சீமாட்டியின் நகைக்கும் ரொஸேனின் பணத்துக்கும் என்ன பதில்? அந்த இருவரையும் நாம் நினைப்பதேயில்லை. கதையின் மயக்கம் அங்கேதான் இருக்கிறது.

2021இல் லூபின் கதைகளின் தூண்டுதலால் ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் நாயகன் செனகல் நாட்டிலிருந்து வந்த ஒரு வாகனச் சாரதியின் மகன். செய்யாத களவுக்காக அந்தத் தகப்பன் சிறை சென்று அங்கேயே உயிர் துறக்கிறார். பழி சுமத்தியவர் அவருடைய செல்வந்த எசமானரே. இங்கு கதை தலைகீழாகிறது: கோட் அணிந்தவர் கனவானாகவே இருக்கிறார், கூலிக்காரர் கள்வனாகிறார்.

நம் வீட்டில் ஒரு மோதிரம் காணாமற்போனால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? வேலைக்கு வந்த பிள்ளையைத்தானே? இரண்டு நாள் கழித்து அது தலையணைக்கடியில் கிடைக்கும். அந்தப் பிள்ளையின் மனத்தில் பட்ட காயம் ஆறுமா?

ஆகவே, பிள்ளைகள் இக்கதைகளை வாசித்தால் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். சுவையான கதைகள்தாம், நானும் ரசித்தவைதாம். வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருத்தி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மகள், இதிலே நட்டப்பட்டது யார்?" அந்தக் கேள்வியைப் பழகிய பிள்ளை, நாளை அழகான உடையையும் இனிய பேச்சையும் கண்டு ஏமாறாது, ஏழையின் மீது அவசரப்பட்டுப் பழியும் போடாது.

அடுத்த மாதம் சந்திப்போம்.