சிறு நாடும் தன்னாட்சியும்

அளவிற் சிறியதாயிருத்தல் ஒரு குற்றமாகுமோ என்னும் வினாவைத் தனிமனிதரைக் குறித்து எழுப்பினால் எவரும் நகைப்பர். ஆயின், ஊர்களையும் நாடுகளையும் ஆளும் முறையை ஆராயப் புகுந்தோர் பலர் இவ்வினாவை மெய்யாகவே எழுப்பி, 'ஆம், குற்றமே' என்று விடையுங் கூறிவிடுகின்றனர். இங்கிலாந்து தேசத்தின் நடுப்பாகத்திலுள்ள ரட்லண்டு என்னும் சிறு நிலப்பகுதி, இக்குற்றச்சாட்டிற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடையளித்து வருகின்றது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனின்றும் யாம் கொண்ட கருத்தை நம் கல்லூரி அன்பர் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நம்மவர் ஜில்லா என வழங்கியதை ஒருவாறு ஒத்த பிரிவை ஆங்கிலர் கவுண்டி என்பர். இங்கிலாந்தின் பழங் கவுண்டிகள் அனைத்தினுஞ் சிறியது ரட்லண்டு. வடக்குத் தெற்காக 18 மைல், கிழக்கு மேற்காக 17 மைல். இவற்றைக் கடப்பின் அதன் எல்லை முடிந்துவிடும். பரப்பு சற்றேறக்குறைய 150 சதுரமைல். ஓக்ஹம், அப்பிங்ஹம் என இரண்டே பட்டினங்கள் அங்குள்ளன. ஏனையவெல்லாம் சிற்றூர்களும், வயல்களும், ஆட்டுமந்தை மேயும் புல்வெளிகளுமே. 2021-ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அங்கு வாழ்வோர் 41,000 பேர் அளவினர். 'சிறியதனுள் மிகுதி' என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் அமைந்த வாசகமொன்றை அந்நாட்டார் தம் இலச்சினையிற் பொறித்துள்ளனர்.

இதன் பழமையோ பெரிது. 1086-ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எழுதுவித்த நிலக்கணக்குப் பேரேட்டில் ரட்லண்டின் பெயர் காணப்படுகின்றது. அக்காலத்தே அது முழுத் தனிநாடாயிராது, வரி செலுத்தும் வகையில் நாட்டிங்ஹமைச் சார்ந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனிக் கவுண்டியாக அறியப்படலாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பட்ட ஓக்ஹம் கோட்டை மண்டபம் இன்றும் அழியாது நிற்கின்றது. அவ்வூரை முதன்முறை கடந்து செல்லும் பிரபு ஒவ்வொருவரும் ஒரு குதிரை இலாடத்தைக் காணிக்கையாகக் கொடுத்தல் வேண்டும் என்பது அங்குள்ள வழக்கு. அவ்வாறு வந்த இலாடங்கள் 200-க்கு மேற்பட்டவை மண்டபச் சுவர்களை அணிசெய்கின்றன. பேரரசின் பெருமக்களும் ஒரு சிற்றூரின் வழக்கிற்குத் தலைவணங்கிச் சென்றனர் என்பதை அவ்விரும்புத் துண்டுகள் வாய்பேசாது உரைக்கின்றன.

இனி, ஆட்சிமுறையை நோக்குவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நெடுங்காலம் ஆட்சியின் அடிப்படையாய் நின்றது பாரிஷ் என்னும் ஆலய வட்டமே. ஆலயத்தின் உடையறையில் ஊரார் கூடிப் பொதுக் காரியங்களை ஆராய்ந்தமையால், அக்கூட்டமும் அவ்வறையின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1601-ஆம் ஆண்டின் சட்டப்படி ஏழைகளைப் போற்றும் பொறுப்பும், அதற்கென வரி தண்டும் உரிமையும் அவ்வட்டத்தைச் சார்ந்தன. இவற்றிற்கு மேல், சமாதான நீதிபதிகளாகிய நிலவுடைமையாளர், ஆண்டிற்கு நான்கு முறை கூடி, குற்றங்களை விசாரித்தலோடு பாலங்களையும் சிறைச்சாலையையும் மேற்பார்வை செய்தனர். அவரை மக்கள் தேர்ந்தெடுத்தாரல்லர். அரசன் பெயரால் நியமனம் பெற்றவர் அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை படிப்படியாக மாறிற்று. 1834-ஆம் ஆண்டின் சட்டம் பல பாரிஷ்களை ஒன்றுசேர்த்து, ஏழைக் காப்பாளர் சபைகளை ஏற்படுத்திற்று. 1888-ஆம் ஆண்டின் சட்டத்தால் தேர்தல் வழி அமைந்த கவுண்டிச் சபைகள் பிறந்தன. சற்றேறக்குறைய 20,000 மக்களே வாழ்ந்த ரட்லண்டும் 1889-இல் தனக்கெனக் கவுண்டிச் சபை ஒன்றைப் பெற்றது. 1894-ஆம் ஆண்டின் சட்டமோ இன்னும் ஆழமாகச் சென்றது. அது 300 பேருக்குக் குறையாத நாட்டுப்புறப் பாரிஷ்களுக்குத் தனிச் சபையையும், அதனினும் சிறியவற்றிற்கு ஊரார் கூட்டத்தையும் வகுத்தது. பெண்டிர்க்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை கிடைப்பதற்குப் பல்லாண்டு முன்னரே, பாரிஷ் சபையிலும் வட்டச் சபையிலும் வாக்களிக்கவும் அமரவும் அவர்க்கு இச்சட்டம் இடந்தந்தது. சிறிய சபைகளே பெரிய உரிமைகளுக்கு வாயிலாக அமைந்தமையை ஈண்டு நோக்குக.

இவ்வளவு கூறியதும், சிற்றாட்சி எஞ்ஞான்றும் நல்லாட்சியே என யாம் சாதிப்பதாக எவரேனுங் கருதலாகும். அவ்வாறன்று. மறுதரப்பார்க்கு உரிய வலிய சான்று ஒன்று ரட்லண்டின் வரலாற்றிலேயே உளது. அதனை மறைத்து வாதிடுதல் நேர்மையன்று.

அப்பிங்ஹம் பட்டினத்தில் 1584-இல் நிறுவப்பட்ட பள்ளியொன்றுண்டு. எட்வர்டு திரிங் என்னும் குருவானவர் 1853 முதல் 1887 வரை அதன் தலைமையாசிரியராயிருந்து, அதனைப் புகழ்பெறச் செய்தார். 1875-ஆம் ஆண்டில் டைபாய்டு என்னும் விஷ சுரம் அங்கே பரவி, மாணவர் சிலர் உயிரிழந்தனர். ஊரின் சலதாரைகள் சீர்கெட்டிருந்தன. கிணற்று நீர் தூயதன்று. அவற்றைத் திருத்தும் கடமை, 1872-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டப்படி, அவ்வட்டாரத்து ஏழைக் காப்பாளர் சபைக்கே உரித்தாயிருந்தது. அச்சபையார் வரி உயருமென்று அஞ்சிக் காலந்தாழ்த்தனர். சுரம் மீண்டுந் தலைகாட்டவே, திரிங் 1876-ஆம் ஆண்டின் வேனிற்றொடக்கத்தில், ஏறத்தாழ 300 மாணவரையும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள போர்த் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தார். ஓராண்டு பள்ளி அங்கேயே நடைபெற்றது. மாணவர் இன்மையால் அப்பிங்ஹம் கடைத்தெரு வாடிற்று. 1877-இல் அவர் திரும்பியபோது ஊர் களிப்புடன் வரவேற்றது.

'கண்டீரோ, சிறு சபையின் திறமை! கையளவு வரிக்கு அஞ்சிப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்தது' என்பர் மறுதரப்பார். யாமும் அச்சபையாரைக் குற்றமற்றவர் என்று கூறத் துணியோம். ஆயினும் குற்றத்தின் வேர் யாது? சிறுமையா, வேறொன்றா? அக்காலத்துக் காப்பாளர் தேர்தலில் சொத்து மிகுந்தோர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. சமாதான நீதிபதிகள் தேர்தலின்றியே சபையில் அமர்ந்தனர். வரி மிகுதியாகச் செலுத்துவோர் குரல் ஓங்க, நோயால் மெலிவோர் குரல் ஒடுங்கியது. இக்குறையை நீக்கியது எது? சபையைப் பெரிதாக்கியதன்று. 1894-ஆம் ஆண்டின் சட்டம் பல வாக்குரிமையையும் தேர்தலில்லா உறுப்பினரையும் ஒழித்தமையே அதற்கு மருந்தாயிற்று. ஆகவே, அப்பிங்ஹம் நமக்குப் புகட்டும் பாடங்கள் இரண்டு. ஆளப்படுவோர் அனைவர்க்கும் சபையில் இடம் வேண்டும் என்பது ஒன்று. உயிர்க்கேடு விளையுமிடத்துத் தட்டிக்கேட்கும் மேலதிகாரம் ஒன்று வேண்டும் என்பது மற்றொன்று. சிறிய சபையை அழித்துவிடுக என்னும் பாடத்தை யாம் அங்கே காண்கிலேம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ரட்லண்டை லெஸ்டர்ஷயருடன் இணைத்துவிட வேண்டுமென்ற ஆலோசனை எழுந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்து எதிர்த்தனர். 1963-இல் அவ்வாலோசனை கைவிடப்பட்டது. எனினும் வெற்றி நீடிக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் சட்டத்தால், 1974 ஏப்ரல் முதல் நாளன்று ரட்லண்டு தன் கவுண்டி நிலையை இழந்து, லெஸ்டர்ஷயரின் கீழ் ஒரு வட்டமாயிற்று. கல்வி, நெடுஞ்சாலை, நூல்நிலையம் முதலியவற்றைப் பற்றிய முடிவுகள் வெளியே செய்யப்படலாயின.

அதே காலத்திற்றான் அந்நாட்டின் முகமும் மாறிற்று. 1970-ஆம் ஆண்டின் பார்லிமெண்டுச் சட்டப்படி குவாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கை மறித்து ஒரு பேரேரி அமைக்கப்பட்டது. அண்டை நாடுகளின் வளரும் நகரங்கட்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அத்தேவை மெய்யானதே. ஆனால் நெதர் ஹேம்பில்டன் என்னும் சிற்றூர் நீரில் மறைந்தது. நார்மண்டன் ஆலயத்தின் கீழ்ப்பாகத்தை நிரப்பித் தளத்தை உயர்த்திக் காத்தமையால், அது இன்றும் ஏரிக்கரையில் நீர்சூழ நிற்கின்றது. கட்டப்படுங்கால் எம்பிங்ஹம் நீர்த்தேக்கம் எனப்பட்ட அவ்வேரி, 1976-இல் திறக்கப்பெற்றபோது ரட்லண்டு நீர் என்று பெயர் பெற்றது. கவுண்டிப் படத்தினின்றும் நீங்கிய பெயர் நீரின்மேல் எழுதப்பட்டு நிலைத்தது! இங்கிலாந்தின் அப்பகுதியினின்றும் மறைந்திருந்த விராலடிப்பான் பறவைகளை 1996 முதல் அவ்வேரிக்கரையில் மீண்டுங் குடியேற்றினர். 2001-இல் அவை அங்கே குஞ்சு பொரித்தன.

பறவை மீண்டதற்கு மறு ஆண்டே, அதாவது 1997 ஏப்ரல் முதல் நாளன்று, கவுண்டியும் மீண்டது. 23 ஆண்டு இடைவிட்டபின் ரட்லண்டு தன் காரியங்கள் பெரும்பாலனவற்றைத் தானே நடத்தும் ஒற்றைச் சபையைப் பெற்றது. ஒரு தலைமுறை முழுதும் மறவாதிருந்த மக்களின் உறுதியை வியவாதிருத்தல் அரிது.

ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. 2024 டிசம்பரில் ஆங்கில அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய ஒற்றைச் சபைகள் பொதுவாக 5,00,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்களுக்கு அமைதல் நன்று என உரைத்தது. 2025-இல் லெஸ்டர்ஷயர், லெஸ்டர் நகரம் ஆகியவற்றோடு ரட்லண்டும் புதிய ஏற்பாட்டிற்கான திட்டங்களைத் தருமாறு கேட்கப்பட்டது. 5,00,000 என்பதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ரட்லண்டு!

செலவு மிகுதி என்பது எதிர்ப்பாரின் முதல் வாதம். ரட்லண்டின் வீட்டுவரி இங்கிலாந்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதை யாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், மக்கள் அருகி வாழும் சிற்றூர்களுக்குப் பள்ளி வண்டி விடுதலும், முதியோரை அவர்தம் வீடு தேடிச் சென்று பேணுதலும் செலவு மிக்க காரியங்களே. சபையின் பெயர்ப்பலகையை மாற்றுவதனால் ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தூரம் ஓரடியேனுங் குறையுமோ?

வல்லுநர் சிறு சபைக்கு வாய்ப்பதரிது என்பது இரண்டாம் வாதம். இதிற் சிறிது உண்மையுண்டு. ஆயின் அதற்கு வழியும் உண்டு. ரட்லண்டின் காவற்படையும் தீயணைப்புப் படையும் லெஸ்டர்ஷயருடன் பொதுவாகவே இயங்குகின்றன. கருவியைப் பகிர்ந்துகொள்வதற்கு வீட்டை இடிக்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டினும் மேலானதாக யாம் கருதுவது பொறுப்புடைமையே. ரட்லண்டுச் சபையின் உறுப்பினர் 27 பேர். ஏறத்தாழ 1,500 மக்களுக்கு ஒருவர். தெருவில் எதிர்ப்பட்டுக் கேள்வி கேட்கத்தக்க அண்மையில் அவர் வாழ்கின்றார். 5,00,000 பேருக்கு இதே விகிதம் வேண்டுமெனின் 330 உறுப்பினர் வேண்டும். அத்துணைப் பேரை எச்சபையும் கொள்ளாது. எனவே மக்கட்கும் உறுப்பினர்க்கும் இடையேயுள்ள தொலைவு வளர்ந்தே தீரும். அப்பிங்ஹத்தில் நேர்ந்த கேடு, ஆள்வோர் காதில் மெலியோர் குரல் விழாமையால் நேர்ந்ததன்றோ? அக்குரலை இன்னுந் தொலைவில் நிறுத்துவது அந்நோய்க்கு மருந்தாகாது.

ஆதலின், எமது துணிபு இது: பெருஞ்செலவும் நுண்ணறிவும் வேண்டும் காரியங்களை அண்டையாரோடு கூடி நடத்துக, கடமை தவறுமிடத்து மேலரசு தட்டிக்கேட்க, முடிவு செய்யும் உரிமையோ அம்மண்ணில் வாழ்வாரிடமே நிற்க. ஒருகால் இணைப்பு தவிர்க்கலாகாததாயின், முதற்கண் அம்மக்களை நேரே கேட்டறிதல் வேண்டும். 1894-இல் தோன்றி இன்றும் வாழும் பாரிஷ் சபைகட்கு மெய்யான அதிகாரமும் பொருளும் அளித்தல் வேண்டும்.

அன்பர்காள்! கடல்கடந்த ஒரு சிறு நாட்டின் வழக்கு நமக்கெதற்கு என எண்ணற்க. பொதுக்காரியங்களில் முடிவுரைக்கும் பொறுப்பு நம்முட் பலர்க்கு வருங்காலத்தில் வந்தெய்தும். அன்று நம் மேசைமேல் வைக்கப்படும் கணக்கேடுகளில் மக்கட்தொகையும் வரவுசெலவும் எழுதப்பட்டிருக்கும். ஓக்ஹம் மண்டபத்துச் சுவரில் தொங்கும் இலாடங்களோ எக்கணக்கிலும் ஏறா. அவற்றையும் எண்ணிப்பார்த்த பின்னரே கையெழுத்திடுவோமாக.