தறியும் வகுப்பறையும்



பாடசாலையில் மணி அடிக்கிறது. கணிதக் கொப்பியை மூடிவிட்டுச் சித்திரக் கொப்பியைத் திறக்கிறோம். மறுபடியும் மணி, சித்திரம் போய் விஞ்ஞானம் வருகிறது. பின்னர் வரலாறு, அதன் பின்னர் வணிகம். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை என்று எண்ணியே பதினோராம் தரம் வரை வந்துவிட்டேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுத் தறி. அந்தக் கதையைத்தான் இவ்வாரம் எழுத முற்படுகிறேன்.

மருதமுனையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதியின் இரு மருங்கிலும் அமைந்த ஊர் எங்களூர். கிழக்கே கடல்; மேற்கே வயல். கடலாலும் வயலாலும் பிழைக்கும் ஊர்கள் இக்கரையில் பல உண்டு. எங்களூருக்குப் பெயர் தேடித் தந்ததோ கைத்தறி. இங்கு நெய்த சாரமும் சேலையும் ஊர் பல கண்டவை. எனினும் விடியற்காலையில் தெருவெங்கும் கேட்ட தறியோசை இன்று ஓரிரு வளவுகளில் மட்டுமே கேட்கிறது.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் இரண்டு தறிகள் உள. ஒன்றில் வாப்பா சாரம் நெய்கிறார். மற்றையது சால்வை நெய்யும் தறி. அதில் வெள்ளைப் பாவு கொஞ்சம் எஞ்சிக் கிடக்க, வேலையின்றிப் பல மாதம் நின்றது. கத்தாரில் தொழில் செய்யும் காக்கா, "அந்தத் தறியை விற்றுவிடுங்கள் வாப்பா, இடமாவது மிஞ்சும்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். வாப்பாவும் விலை பேசத் தொடங்கிவிட்டார்.

அந்த வேளையில்தான் வணிகக் கல்வியும் கணக்கீட்டுக் கல்வியும் கற்பிக்கும் எமது ஆசிரியர் ஒரு வேலை தந்தார். வீட்டிலோ அயலிலோ நடக்கும் ஒரு தொழிலை எடுத்து, அதன் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு வரவேண்டும். நான் சாரத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நூற் கணக்கு. எங்கள் சாரத்தின் அகலம் 48 அங்குலம்; அங்குலத்துக்கு 60 இழை. ஆகவே பாவில் 2880 இழைகள். நீளம் 2 யார் என்றால் பாவுக்கு மட்டும் 5760 யார் நூல் வேண்டும். ஊடையும் அங்குலத்துக்கு 60 இழையாதலால் அதற்கும் அதே அளவு. நாற்பதாம் நம்பர் நூல் என்கிறோமே, அந்த நம்பர் என்ன என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓர் இறாத்தல் நூலில் 840 யார் கொண்ட கழிகள் எத்தனை உண்டோ, அந்த எண்ணிக்கையே நூலின் நம்பர். எனவே நாற்பதாம் நம்பர் நூல் ஓர் இறாத்தலில் 33,600 யார் இருக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு சாரத்துக்கு ஏறக்குறைய 155 கிராம் நூல், கழிவு வேறு. விகிதசமமும் வகுத்தலும் பரீட்சைக்காகவே படைக்கப்பட்டவை என்று நினைத்திருந்த எனக்கு, அவை எங்கள் கொட்டிலிலேயே குடியிருந்தது வியப்பைத் தந்தது.

கணிதம் சந்தையோடு பிறந்த பிள்ளை என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, அட்சர கணிதத்துக்கு அடிகோலிய தமது நூலை வாரிசுப் பங்கீடு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றுக்குப் பயன்படவேண்டும் என்றே எழுதினார். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலாக அச்சிட்ட நூலில் விளக்கிய லூக்கா பச்சியோலியும் ஒரு கணித ஆசிரியரே. அந்நூல் 1494 ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளிவந்தது. நாம் வெவ்வேறு பாடவேளைகளில் படிக்கும் கணிதமும் கணக்கீடும் அவர்கள் மேசையில் ஒரே விரிப்பின்மேல் இருந்தன.

நூல் விலை, சாய விலை, வாப்பாவின் நெய்கூலி மூன்றையும் கூட்டி, விற்பனை விலையிலிருந்து கழித்தேன். சிறியதோர் இலாபம் எஞ்சியது. பெருமையோடு கொப்பியை நீட்டினேன். ஆசிரியர் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நாடாவுக்குத் தார் சுற்றுவது யார்?"

"உம்மா, சேர்."

"பாவு பிணைப்பது?"

"மூத்தம்மா."

"அவர்களுடைய கூலி எந்த வரியில் இருக்கிறது?"

"அவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள், சேர்" என்றேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. "வீட்டில் இருப்பவரின் நேரத்துக்கு விலையில்லை என்று எந்தக் கணக்கீட்டுப் புத்தகத்தில் படித்தீர்?" என்று மட்டும் கேட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை கடிகாரத்தோடு கொட்டிலில் அமர்ந்தேன். பழைய பாவு முடியுந் தறுவாயில், அதன் ஒவ்வோர் இழை நுனியையும் புதிய பாவின் இழை நுனியோடு முடியவேண்டும். 2880 இழை என்றால் 2880 முடிச்சு. மூத்தம்மாவின் விரல்கள் நிமிடத்துக்குப் பத்து முடிச்சுப் போட்டன. அந்த வேகம் தளராமல் இருந்தாலும் 288 நிமிடம் ஆகும். ஐந்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடமே குறைவு! இடையில் முதுகை நிமிர்த்திக்கொள்ளும் நேரம் அதில் அடங்காது. அந்தப் பாவு நெய்து முடியும்வரை உம்மா தார் சுற்றிய நேரத்தையும் நாள்தோறும் குறித்தேன். 26 மணித்தியாலம் வந்தது. இரண்டையும் கூலியாக்கிக் கணக்கில் ஏற்றியபோது எனது இலாபம் மறைந்து நட்டமாகி நின்றது.

அதாவது, இத்தனை காலமும் எங்கள் வீட்டில் இலாபம் என்று பெயர் பெற்றிருந்தது உம்மாவும் மூத்தம்மாவும் வாங்காத கூலியே!

கணக்கை வாப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கணக்குச் சரிதான், மகன். ஆனால் இந்த விலை சொன்னால் சாரத்தை யார் வாங்குவார்? விசைத்தறிச் சாரம் பாதி விலைக்குக் கடையில் கிடக்கிறதே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அந்த நிலைமை எப்படி வந்தது என்பதை வரலாற்றுப் பாடமும் மூத்தம்மாவுமாகச் சேர்ந்து விளக்கினார்கள். 1970 களின் முற்பகுதியில் இலங்கையில் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்தது. பிறநாட்டுத் துணி அரிதாகவே, உள்நாட்டுத் தறிகள் ஓய்வின்றி ஓடின. "அப்போது படுத்தாலும் காதில் தறிச் சத்தம்தான்" என்பார் மூத்தம்மா. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. மலிவுத் துணிகள் கப்பல் கப்பலாக இறங்கின. கைத்தறி அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க இயலாது தளர்ந்தது. பின்னர் 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்து, கரையோர வளவுகளையும் மனிதரையும் வாரிச் சென்றது. நான் பிறப்பதற்கு முந்திய நிகழ்ச்சிகள் இவை. ஆயினும் எங்கள் கொட்டிலில் சும்மா நிற்கும் தறியில் இவற்றின் அடையாளம் உண்டு.

இனி வணிகத்தால் மட்டும் என்ன செய்ய முடியும்? செலவைக் குறைக்கலாம். எதைக் குறைப்பது? நூல் விலை எங்கள் கையில் இல்லை. சாய விலையும் இல்லை. குறைக்கக்கூடியது கூலி ஒன்றே. அதைத்தான் நாங்கள் பேசாமலே செய்து வந்திருக்கிறோம். விலையில் விசைத்தறியோடு மோதினால் தோற்பது உம்மாவின் கைதான். எனவே விசைத்தறி செய்ய விரும்பாத ஒன்றை நாங்கள் செய்யவேண்டும். ஆயிரக்கணக்கான யார் ஒரே மாதிரியாக ஓடினால்தான் ஆலைக்கு ஆதாயம். நாலே நாலு சால்வையை நாலு விதமாக நெய்வது அதற்குக் கட்டாது, கைத்தறிக்குக் கட்டும். இந்த இடத்தில்தான் சித்திர வகுப்பின் கதவைத் தட்டினேன்.

சித்திர ஆசிரியை பார்பரா சன்சோனியைப் பற்றிச் சொன்னார். இலங்கையைச் சேர்ந்த இவ்வோவியர் நெசவுப் பெண்களுக்கு நிறமும் கோடும் அமைத்துக் கொடுத்து, 1964 இல் 'பெயார்புட்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2022 இல் மறைந்தார். அவர் துணிகளின் சிறப்பு, பக்கத்தில் பக்கம் வைத்த நிறங்களின் துணிச்சல். "நிறத்தைத் தேடி எங்கும் போகவேண்டாம்; காலையில் கடற்கரைக்குப் போய்ப் பார்" என்றார் ஆசிரியை. போனேன். விடியுமுன் கடல் சாம்பல் நிறம். வெளிச்சம் ஏற ஏற நீலம். வலை இழுக்கும் வேளையில் கரையோரம் செம்மண் கலந்த ஒரு பச்சை. கோடு கோடாக வரைந்து வந்தேன். வெள்ளைப் பாவு தறியிலேயே கிடந்தது. ஊடைக்கு மட்டும் நிறமேற்றினால் போதும். வாப்பா தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்.

முதற் சால்வையை நெய்து இறக்கியபோது வீடே கூடி நின்று பார்த்தது. மறுநாள் மூத்தம்மா அதைத் தண்ணீரில் நனைத்தார். நீலம் கரைந்து வெள்ளை இழையெங்கும் படர்ந்தது. கடல் எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை! வாப்பா ஒன்றும் பேசவில்லை. தறிக்கு விலை கேட்டு வந்தவரின் தொலைபேசி இலக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

குற்றம் என்னுடையதே. சாயம் தோய்க்கும்போது, விரைவாக முடிக்கும் அவசரத்தில் சோடாவைக் குறைத்துவிட்டேன். எதற்காக அதைச் சேர்க்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 1956 இல் சந்தைக்கு வந்த ஒருவகைச் சாயங்கள், பஞ்சிழையின் மேல் ஒட்டிக்கொள்வதோடு நில்லாது, அதனோடு இரசாயனப் பிணைப்பே கொள்கின்றன. நாங்கள் பயன்படுத்துவதும் அவ்வகையே. உப்பு, சாயத்தை நீரிலிருந்து இழையின் பக்கம் தள்ளுகிறது. சோடாவின் காரமே அந்தப் பிணைப்பை நிகழ்த்துகிறது. காரம் போதாவிடில் நிறம் விருந்தாளியாக இருந்துவிட்டு முதல் தண்ணீரிலேயே விடைபெற்றுவிடும்.

அவரே இன்னொரு கதையும் சொன்னார். 1856 இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவன், மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கையாக உண்டாக்க முயன்று தோற்றான். குடுவையில் எஞ்சிய கரிய கசட்டைக் கழுவும்போது அழகிய ஊதா நிறம் தோன்றியது. அவன் அதைக் கொட்டிவிடாமல் பட்டுத் துணியில் தோய்த்துப் பார்த்தான். தந்தையும் தமையனும் துணைநிற்க, அடுத்த ஆண்டே சாயத் தொழிற்சாலை எழுந்தது. ஆனால் பட்டில் எளிதாக ஏறிய நிறம் பருத்தியில் நிலைக்க மறுத்தது. அதற்கு வழி காண அவன் மேலும் பாடுபடவேண்டியிருந்தது. இதைக் கேட்டபோது, பருத்தி எனக்கு மட்டும் பகையன்று என்று ஆறுதல் கொண்டேன்.

இரண்டாம் முறை அளந்து கலந்தேன். கடிகாரம் பார்த்துக் காத்திருந்தேன். தெளிந்த நீர் வரும்வரை அலசினேன். நான்கு சால்வைகள் வந்தன. விலை எழுதும்போது உம்மாவின் கூலிக்கு ஒரு வரி, மூத்தம்மாவின் கூலிக்கு ஒரு வரி. கடையில் கிடப்பதைவிட விலை கூடத்தான். கேட்டவர்களுக்கு அந்தக் கணக்கையே காட்டினேன். சிலர் முகஞ் சுழித்துச் சென்றனர். மூன்று பேர் வாங்கினர். நான்காவது மூத்தம்மாவின் தோளில் இருக்கிறது. தமது கூலியை உம்மா கையில் கொடுத்தபோது, அவர் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

மூன்று சால்வை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. அதை நானும் அறிவேன். வாப்பா என்னைவிட நன்கறிவார். ஆயினும் மேசைமேல் இருந்த தொலைபேசி இலக்கத்தை அவர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "உன் பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பது அவர் தீர்ப்பு. தறி இப்போதைக்கு நிற்கிறது.

மாணவ நண்பர்களே! இதில் நான் கற்றது யாது? கணக்குத் தெரியாத கற்பனை, வீட்டாரின் உழைப்பை விழுங்கி வாழும். கற்பனை இல்லாத வணிகமோ, குறைந்த விலை ஒன்றையே வழியாகக் கொண்டு, கடைசியில் எளியவர் கூலியில் கை வைக்கும். இரண்டும் கைகோத்தாலன்றி நேர்மையான தொழில் இல்லை. வள்ளுவர் வாணிகம் பற்றிய குறளைப் பொருள் ஈட்டும் பகுதியில் வையாமல் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்ததன் நயம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

எமது பாடவேளைகள் பிரிந்தே இருக்கட்டும். நேரசூசிக்கு அது தேவை. அவற்றை இணைக்கும் வேலை ஆசிரியருடையது மட்டுமன்று; எம்முடையதுந்தான். 1804 இல் பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலை நெய்யும் பொறியை ஆக்கினார். 1843 இல் அடா லவ்லேஸ், பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறியின் ஆற்றலை அத்தறியை உவமை காட்டியே விளக்கினார். தறியிலிருந்து கணினிக்கு வழி உண்டென்றால், மருதமுனை மாணவனின் கொட்டிலிலிருந்து வகுப்பறைக்கு வழி இராதா?

உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு தொழில் இருக்கும். பாய் பின்னலோ, தையலோ, தயிர் விற்பனையோ, சிறு கடையோ. இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து அதன் கணக்கை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும், அதில் யாருடைய கூலி விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை தேடுங்கள். கிடைத்த விடையை உங்கள் உம்மாவிடமோ அம்மாவிடமோ வாசித்துக் காட்டுங்கள்.