பின்தொடைத் தசையும் இல்லக் கேடயமும்

மாரி மழை ஓய்ந்து மைதானத்து ஈரம் உலர்ந்ததும், வாவிக்கரைக் கல்லூரிகளில் இல்ல விளையாட்டுப் போட்டியின் ஆரவாரம் தொடங்கிவிடும். இங்கு பயின்ற எவரும் அந்நாட்களை மறவார். அவ்வாரவாரத்தினிடையே ஆண்டுதோறும் நிகழும் ஒரு காட்சியையும் நாம் அறிவோம். நூறு மீற்றர் ஓட்டத்தில் முந்திவந்த மாணவன் எழுபதாவது மீற்றரில் திடீரெனத் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நொண்டி நிற்பான். “தசைப்பிடிப்புத்தான்” என்போம், எண்ணெய் தடவி அழுத்தி உருவுவோம். மாலையில் அஞ்சலோட்டம் இருக்கிறதே! இல்லத்தின் மானங் காக்க அவன் மீண்டும் ஓடுவான், நாமும் கைதட்டுவோம். அக்கைதட்டலே அவனுக்கு நாம் செய்யும் தீங்கு என்பது என் கருத்து.

தொடையின் பின்புறத்தே மூன்று தசைகள் உள. நாம் அமரும் இடுப்பெலும்பின் முனையிலே தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளில் அவை பொருந்துகின்றன. விரைவோட்டத்தில் முன்வீசப்படும் காலை, பாதம் நிலத்தைத் தொடுமுன் அடக்கி நிறுத்துவது அவற்றின் பணி. நீண்டுகொண்டே இறுகவேண்டிய அக்கணத்திலேதான் தசை கிழிகின்றது.

பிடிப்பு வேறு, கிழிவு வேறு. பிடிப்பு, தசையை மெல்ல நீட்டிப் பிடித்தாற் சிறிது நேரத்தில் நீங்கும். கிழிவோ சாட்டையடி பட்டாற்போல் ஓரடியில் வரும். தொட்டால் ஓரிடத்திலே நோகும். குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும்போது பிறர் தடுத்தால் நோ மிகும். சில நாட்களிற் கண்டலும் தோன்றலாம். அமரும் எலும்பருகே கடும் நோவும் பெருங் கண்டலும் இருந்து நடக்கவும் இயலாதாயின், தசை எலும்பை விட்டே பிரிந்திருக்கக்கூடும். வளரும் பருவத்தினரில் எலும்பின் துண்டே பெயர்வதுமுண்டு. அத்தகையோரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

கிழிந்த தசையை முதல் நாட்களில் அழுத்தி உருவுதலும் சூட்டு ஒத்தணமும் இரத்தக்கசிவை மிகுவிக்கும். ஓட்டத்தை நிறுத்தி, துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, அளவாகக் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்தலே தக்கது. அதன்பின் வாரக்கணக்கிற் படுத்துக் கிடத்தலும் தவறு. நோவின் எல்லைக்குள் நடையும், தசையை நீளச்செய்தே வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். சுவீடனில் உதைபந்தாட்ட வீரரிடையே நிகழ்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், அத்தகைய பயிற்சி பெற்றோர் சராசரி 28 நாட்களிலும், வழமையான பயிற்சி பெற்றோர் 51 நாட்களிலும் ஆட்டத்துக்குத் திரும்பினர்.

பெரிய ஆபத்து யாதெனின், ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் இயல்புடையது. வனிந்து ஹசரங்கவை அறியாதார் யார்? 2023இல் பின்தொடைக் காயத்தால் அவர் ஆசியக் கிண்ணத்தை இழந்தார். குணமாகிவரும் வேளையிற் காயம் மீண்டும் பட, உலகக் கிண்ணத்தையும் இழந்தார். 2024 ஓகஸ்டில் இந்தியாவுடனான ஒருநாள் தொடரிலும் முதலாவது ஆட்டத்தோடு அதே வகைக் காயத்தால் விலகினார். தேர்ந்த வைத்தியர் சூழ்ந்திருந்த வீரருக்கே இந்நிலையெனின், எண்ணெய்ப் போத்தலை நம்பும் எம் மாணவன் எம்மாத்திரம்?

“நோவைப் பொறுத்து ஓடுவதன்றோ வீரம்?” எனச் சிலர் வினவுவர். நெஞ்சுரத்தை நானும் போற்றுகிறேன். ஆனால் நெஞ்சுரம் தசையைத் தைக்காது. அன்றியும், பதினாறு வயதுச் சிறுவனின் காலைப் பணயம் வைத்துப் பெறும் புள்ளிகள் அவனுடைய வீரத்துக்குச் சான்றல்ல. எமது அவசரத்துக்கே சான்று.

தடுக்கும் வழி எளிது. முழந்தாளிட்டு, தோழன் கணுக்கால்களைப் பிடித்திருக்க, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்சாயும் பயிற்சிக்கு ஒரு சதமும் செலவில்லை. டென்மார்க்கில் 942 உதைபந்தாட்டக்காரரை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி செய்தோரிடையே 15 காயங்களும் செய்யாதோரிடையே 52 காயங்களும் நேர்ந்தன. மழைக்காலத்தில் மைதானம் நீரில் நின்றாலும் மண்டபத்திலே இதனைச் செய்யலாம். மாதக்கணக்கில் ஓடாதிருந்த மாணவனைச் சில வாரத்தில் முழுவேகத்துக்குத் தள்ளாமல், வேகத்தைப் படிப்படியாக ஏற்றுதலும், ஓடுமுன் உடலைச் சூடேற்றுதலும் இன்றியமையாதன.

எனவே பழைய மாணவரிடம் ஒரு விண்ணப்பம். இவ்விழா ஆண்டில் இன்னொரு கேடயம் வழங்க எண்ணுவோர், அப்பணத்தை ஆண்டு முழுவதுமான பயிற்சிக்கும், காயமுற்றோர் இயன் மருத்துவரை நாடுவதற்கும் அளிப்பாராக. இல்லத் தலைவர்கள் ஒரு விதி செய்க: பின்தொடையைப் பற்றி நின்றவன் அன்று மீண்டும் ஓடலாகாது, நோவின்றி முழுவேகத்தில் ஓடிக்காட்டும்வரை போட்டிக்குத் திரும்பலாகாது.

கிழிந்த வலையைச் செப்பனிடாது வாவியில் வீசும் மீனவன் எம்மூரில் இல்லை. அவனறிந்த பொறுமையை எமது மைதானமும் கற்குமாக.