லாரி பயமில்லாமல் நடக்க ஒரு பாதை: மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது!

சேலம், நாமக்கல் பக்கம் காலையில் வாக்கிங் போகும் பலருக்கு லாரி ஓடும் சாலைதான் கதி. ஆனால் குடியிருப்புக்குள்ளேயே பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கும். அங்கே நடைபாதை போட அரசிடம் நிதி கேட்கலாம்.

அதற்கான வழி, ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98ல் பிறந்த இத்திட்டம், நகர்ப்புறங்களுக்காக 2021 டிசம்பரில் சேலத்தில்தான் மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டது. வேலைக்கான மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். நடைபாதைக்கு 9 லட்சம் ரூபாய் ஆகும் என்றால் மக்கள் பங்கு 3 லட்சம். நூறு வீடுகள் சேர்ந்தால், வீட்டுக்கு 3,000 ரூபாய்.

குடியிருப்போர் சங்கம், வணிகர்கள், தனிநபர் என யாரும் பங்களிக்கலாம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையரிடமும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமும் மனு கொடுக்கலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மனைப்பிரிவு போட்டவர் அந்த இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா? இல்லையென்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பாதை வந்த பிறகு புல் வெட்டுவது யார், விளக்கைக் கவனிப்பது யார் என்பதையும் இப்போதே பேசி முடிவெடுங்கள்.

சொந்தக் காசு போட்ட பாதையில் குப்பை கொட்ட யாருக்கும் மனசு வராது!